எழுபது மணி நேரமும், ஐந்தரைக்குக் கிளம்பிப் போனவரும்

ஒரு தப்பை ஒத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஒன்பது பேர் கொண்ட டீமுக்கு லீடாக இருந்தேன். வருஷக் கடைசியில் எல்லாருக்கும் ரேட்டிங் போடணும். எத்தனை பேருக்கு மேல் ரேட்டிங், எத்தனை பேருக்குக் கீழ் ரேட்டிங் என்பது முன்கூட்டியே முடிவான கணக்கு. யாராவது ஒருத்தரைக் கீழே தள்ளியே ஆகவேண்டும்.

டீமில் ஒரு பையன் ராத்திரி பத்து மணிக்கும் சீட்டிலேயே இருப்பான். இன்னொருவர், கைக்குழந்தைக்காரர். காலை எட்டரைக்கு வந்து, சாயங்காலம் சரியாக ஐந்தரைக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் யோசிக்கவே இல்லை. பையனுக்கு மேல் ரேட்டிங், கூடவே ஒரு பாராட்டுச் சான்றிதழ். அவருக்கு ஒரு படி கீழே, "இன்னும் ஈடுபாடு தேவை" என்ற குறிப்போடு. மூன்று மாதத்தில் அவர் வேலையை விட்டுவிட்டார்.

அவருடைய வேலையைப் பிரித்துக் கொடுப்பதற்காக அந்த வருஷத்து பக் லிஸ்ட்டை முதன்முதலாக உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். அவர் எழுதிய பகுதிகள் கஸ்டமரிடமிருந்து திரும்பி வந்ததே அபூர்வம். பையன் ராத்திரி உட்கார்ந்து சரி பண்ணிய பிரச்சினைகளில் பாதிக்கு மேல், முந்தின ராத்திரிகளில் அவனே உண்டாக்கியவை. தானே வைத்த தீயைத் தானே அணைத்ததற்கு நான் சான்றிதழ் கொடுத்திருக்கிறேன். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். எதைச் செய்தால் மார்க் கிடைக்கும் என்று காட்டிக்கொடுத்தது நான்தானே.

2023 அக்டோபரில் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரம் எழுபது மணி நேரம் உழைக்கவேண்டும் என்று சொன்னார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் அதைத் தொண்ணூறுக்கு உயர்த்தி, ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துக்கொண்டார். சோஷியல் மீடியாவில் கோபமும் கிண்டலும் நிறைய வந்தன. எனக்கு வேறொரு கேள்வி. உடம்பு, குடும்பம் இதையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிடுவோம். வெறும் உற்பத்திக் கணக்குப்படியே பார்த்தாலும் எழுபது மணி நேரம் லாபமா?

இதற்கு நூறு வருஷத்துக்கு முந்தின ஒரு கணக்கு இருக்கிறது. முதல் உலகப்போர் சமயம், பிரிட்டனில் குண்டு தயாரிக்கும் தொழிற்சாலைகள் ராப்பகலாக ஓடின. 1915-ல் அந்தத் தொழிலாளர்களின் உடல்நலத்தை ஆராய அரசாங்கம் ஒரு குழு போட்டது. அதற்காக எச்.எம். வெர்னன் என்ற உடலியல் அறிஞர் தொழிற்சாலைகளுக்குள்ளேயே போய், யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள், எத்தனை உருப்படி முடித்தார்கள் என்று வாரம் வாரமாகக் குறித்துவைத்தார். பெரும்பாலும் பெண்கள். பீஸ் ரேட் கூலி. அதாவது, வேண்டுமென்றே மெதுவாகச் செய்வதில் அவர்களுக்கு ஒரு லாபமும் கிடையாது. அதோடு நாடே போரில் இருக்கிறது. உந்துதலுக்குக் குறைவே இல்லாத இடம்.

அந்தப் பழைய எண்களை ஸ்டான்ஃபோர்டு பொருளாதார அறிஞர் ஜான் பென்கவெல் இன்றைய புள்ளியியல் முறையில் அலசி, 2014-ல் கட்டுரையாக வெளியிட்டார். வாரம் சுமார் 49 மணி நேரம் வரை, நேரம் கூடக்கூட உற்பத்தியும் அதே அளவில் கூடுகிறது. அதைத் தாண்டினால் ஒவ்வொரு கூடுதல் மணியும் தருவது குறைந்துகொண்டே போகிறது. 56 மணி நேரத்தில் முடிந்த வேலைக்கும் 70 மணி நேரத்தில் முடிந்த வேலைக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. பதினாலு மணி நேரம் எங்கே போச்சு? கடைசிப் பதினாலு மணி மட்டும் வீணாகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. களைப்பு அப்படி ஒரு மூலையில் அடங்கி நிற்காது. திங்கட்கிழமைக் காலையிலேயே போன வாரத்துக் களைப்போடுதான் மெஷின் முன்னால் நிற்கிறோம். ஞாயிறு ஓய்வு இல்லாத வாரங்களிலும் உற்பத்தி அடி வாங்கியது அந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

(நம்ம ஊர் தொழிற்சாலைகள் சட்டம், 1948-ல் வந்தது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. பென்கவெலின் 49-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது சிரித்துவிட்டேன்.)

"அது கையால் செய்யும் வேலை, நாம செய்றது மூளை வேலை" என்பீர்கள். நியாயமான ஆட்சேபம். குண்டுக்கு உருப்படி எண்ணலாம், ஒரு டிசைனை எப்படி எண்ணுவது? ஆனால் இந்த வாதம் எழுபது மணிக்காரர்களுக்கு உதவும் என்று எனக்குத் தோன்றவில்லை. எண்ண முடியாத வேலையில்தான் நாம் நாற்காலியில் இருந்த நேரத்தை எண்ண ஆரம்பிக்கிறோம்.

அதையும் சரியாக எண்ணுகிறோமா என்றால், இல்லை. எரின் ரீட் என்பவர் ஒரு பெரிய கன்சல்டிங் நிறுவனத்தை ஆராய்ந்து 2015-ல் எழுதினார். அங்கே வாரம் 80 மணி வரை உழைப்பவர்தான் உத்தம ஊழியர். சிலர் நிஜமாகவே அப்படி உழைத்தார்கள். சிலர் சத்தமில்லாமல் குறைவாக உழைத்து, உள்ளூர் கிளையன்ட்டுகளாகப் பார்த்து வைத்துக்கொண்டு, எல்லா நேரமும் வேலையில் இருப்பது மாதிரி காட்டிக்கொண்டார்கள். மேலதிகாரிகளால் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. நடித்தவர்களுக்கும் நல்ல ரேட்டிங், பதவி உயர்வு எல்லாம் கிடைத்தது. அடி வாங்கியது யார் தெரியுமா? "எனக்கு நேரத்தைக் குறைத்துக் கொடுங்கள்" என்று வெளிப்படையாகக் கேட்டவர்கள். அப்படிக் கேட்டவர்களில் பெண்கள் அதிகம். இதைப் படித்த இடத்தில் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு எழுந்து போனேன். ஐந்தரைக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவர் எதையும் மறைக்கவில்லை. அதற்குத்தான் நான் தண்டனை கொடுத்திருந்தேன்.

நெருக்கடி நேரத்தில் ஒரு வாரம், இரண்டு வாரம் ராத்திரி உட்காருவதை நான் குறை சொல்லவில்லை. ரிலீஸ் சமயத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், இனியும் உட்காருவேன். அதையே வருஷம் முழுக்க வழக்கமாக்கினால் விலை வேறு. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரம் 55 மணியும் அதற்கு மேலும் உழைத்ததால் வந்த பக்கவாதத்திலும் இதயநோயிலும் 2016-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 7,45,000 பேர் இறந்தார்கள்.

இப்போது வேறு கம்பெனி, வேறு டீம். இங்கே வந்த முதல் வருஷம், ரேட்டிங் ஷீட்டில் "சராசரி அலுவலக நேரம்" என்று ஒரு காலம் இருந்தது. கதவில் கார்டு தேய்க்கும் கணக்கிலிருந்து தானாகவே வந்து நிரம்பிவிடும். அதை எடுத்துவிடச் சொன்னேன். எச்.ஆரில் ஒருத்தர், "சரி சார், அதுக்குப் பதிலா என்ன போடறது?" என்று கேட்டார். திரும்பி வந்த பக் எண்ணிக்கை என்று சொன்னேன். மறுவாரமே என் டீமில் ஒருத்தர், கஷ்டமான வேலை எதுவும் தனக்கு வேண்டாம் என்று நழுவ ஆரம்பித்தார்! அந்தக் காலத்தையும் எடுத்தாச்சு. இப்போதைக்கு அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. ரேட்டிங் போடும் முன் ஒவ்வொருத்தரோடும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவர்கள் செய்ததை வரிவரியாகப் படிக்கிறேன். ஒன்பது பேருக்கு ஒன்பது மணி நேரம் ஆகிறது.