டார்ச் விளக்கும் ஆறு நட்சத்திரங்களும்

"நீ பத்திரிகை ஆபீஸில் இருக்கிறாயே, ஒரு சேதி சொல்லு. கிருத்திகைக்கு நட்சத்திரம் ஆறா, ஏழா?"

திருத்தணியில் அத்தை வீட்டுத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்தவுடனே எனக்கு விழுந்த கேள்வி இது. கேள்விக்குக் காரணம் உண்டு. சிறு பெண்ணாக இருந்தபோது அத்தை இதே வாசலில் நின்றுதான் கிருத்திகையை எண்ணுவாளாம். ஒரு நாள் ஆறு வரும், ஒரு நாள் ஏழு வரும். இப்போதோ எதிரே பளீரென்று எல்.இ.டி. தெரு விளக்கு. அத்தையின் கண்களிலும் புரை அறுவை முடிந்திருக்கிறது. வானத்தைப் பார்த்தால் ஒரே பால் வெளுப்பு.

திருத்தணிக்காரர்களுக்குக் கிருத்திகை மற்ற நட்சத்திரங்களைப் போல அல்ல. ஆறு கார்த்திகைப் பெண்கள் வளர்த்த பிள்ளை அல்லவா மலைமேல் இருக்கிறான்! ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடிகள் வந்து குவியும் ஊர். அந்த ஊரிலே கிருத்திகையைக் காணோம் என்றால் அத்தைக்கு வருத்தம் வராதா?

"நான் காட்டறேன் பாட்டி" என்றாள் பேத்தி. முதல் சம்பளத்தில் காமிரா வாங்கிய பெண். "வெறும் நட்சத்திரமா எடுத்தா அது எந்த ஊர்னு தெரியாது. கீழே நம்ம ஊர்க் கட்டடம் ஒண்ணும் தெரியணும். மாமா, நீங்க டார்ச் பிடிக்க வாங்க."

அப்படித்தான் அந்தத் தை மாதத்து அமாவாசையை ஒட்டிய இரவில் நான் டார்ச் பிடிக்கப் போனேன்.

மலைக்கோயிலையே எடுக்கலாமே என்று கேட்டேன். படிகள் 365, ஏறுவது கஷ்டம் என்பதால் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டேன்! அங்கே விளக்குகள் அதிகம், நட்சத்திரம் எடுபடாது, கோயிலுக்குள் காமிராவும் கூடாது என்றாள். தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களோ பெரும்பாலும் அஸ்தமனத்தோடு மூடிவிடும். முக்காலி வைக்கத் தனி அனுமதி வேண்டும். ஆகவே ஊருக்கு வெளியே, வயல் ஓரத்தில், யாரும் கவனிக்காத நாலு கால் கல் மண்டபம் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தாள். அது மேற்கே பார்த்து எடுக்க வசதியான இடம். கிழக்கே சென்னையின் வெளிச்சம் அடிவானத்தில் மூட்டமாகத் தெரிகிறது, தெற்கே அரக்கோணம். மேற்கே மட்டும் கொஞ்சம் இருட்டு மிச்சம் இருக்கிறது.

எட்டு மணிக்கே போய்விட்டோம். கிருத்திகை உச்சந்தலைக்கு மேலே. அது மேற்கே சாய்ந்து மண்டபத்துக்கு மேல் வரப் பத்து மணிக்கு மேலாகும். அதற்குள் கண் இருட்டுக்குப் பழகட்டும் என்றாள். இதற்கு இருபது முப்பது நிமிஷமாவது பிடிக்குமாம். இடையில் ஒரு தடவை செல்போனைப் பார்த்தால் போச்சு, மறுபடியும் முதலிலிருந்து! அதனால் வழி பார்க்கும் டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றியிருந்தாள். சிவப்பு வெளிச்சம் கண்ணை அவ்வளவாகக் கெடுப்பதில்லை.

நட்சத்திரத்தைப் படம் பிடிப்பது புதிது அல்ல. 1850-ஆம் வருஷத்திலேயே அமெரிக்காவில் ஹார்வர்டு வானாய்வுக்கூடத்தில் அபிஜித் நட்சத்திரத்தைப் படம் எடுத்துவிட்டார்கள். விளக்கால் வரைவதும் பழைய வித்தைதான். 1949-இல் 'லைஃப்' பத்திரிகைக்காகப் படம் எடுக்கப் போன ஜோன் மிலியின் காமிராவுக்கு முன்னால், இருட்டறையில் கையில் சிறு விளக்கை வைத்துக்கொண்டு, ஓவியர் பிக்காஸோ வெறும் காற்றிலே சித்திரம் போட்டார். இரண்டையும் சேர்த்தால் எங்கள் மண்டபத்து வேலை.

சூட்சுமம் இதுதான். காமிராவின் கண்ணை இருபது விநாடி திறந்து வைக்க வேண்டும். அதற்குமேல் திறந்தால் நட்சத்திரம் புள்ளியாக விழாது, கோடாக இழுத்துவிடும். பூமி நாலு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி சுற்றுகிறதே! லென்ஸ் எத்தனை மில்லிமீட்டரோ அதனால் 500-ஐ வகுத்தால் விநாடிக் கணக்கு கிடைக்கும் என்று ஒரு வாய்பாடு சொன்னாள். அவளுடையது 24 மில்லிமீட்டர். ஆக, இருபது விநாடிக்குக் கொஞ்சம் மேல். லென்ஸ் துவாரம் 2.8, ஐ.எஸ்.ஓ. 1600. இருட்டில் காமிரா தானாகக் கூர்மை பிடிக்காது. பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, அது ஊசிமுனை ஆகும்வரை கையால் திருக வேண்டும். பொத்தானை அழுத்தினால் காமிரா ஆடும் என்பதால் இரண்டு விநாடி தாமதம் வைத்துவிட்டாள்.

அந்த இருபது விநாடிக்குள் மூன்றே மூன்று விநாடி மண்டபத்தின்மேல் டார்ச் அடிக்க வேண்டும். அதுதான் என் உத்தியோகம்.

முதல் படத்தில் நான் உற்சாகமாகப் பத்து விநாடி அடித்துவிட்டேன். மண்டபம் சலவை வேட்டி மாதிரி வெளுத்துப் போயிற்று. இரண்டாவதில் காமிராவுக்குப் பக்கத்தில் நின்று அடித்தேன். தூண்கள் அட்டையில் வெட்டி ஒட்டினது போலத் தட்டையாக விழுந்தன. "பக்கவாட்டிலே போய் அடிங்க மாமா, அப்பத்தான் செதுக்கல் நிழல் விழும். ஒரே இடத்திலே நிறுத்தாதீங்க. கற்பூர ஆரத்தி காட்டற மாதிரி சுத்திக்கிட்டே இருங்க" என்றாள். இது புரிந்தது! மூன்றாவதிலே கல் நீலம் பாரித்திருந்தது. இந்தக் காலத்து எல்.இ.டி. டார்ச்சின் வெள்ளை வெளிச்சம் கல்லுக்கு ஆகாது. பலகாரக் கூடைக்குச் சுற்றும் மஞ்சள் கண்ணாடிக் காகிதத்தை அவள் பையிலிருந்து எடுத்துச் சுற்றினாள். கல்லுக்கு உயிர் வந்தது.

ஒரு வேடிக்கை: கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு நான் படத்துக்குக் குறுக்கேதான் நடந்தேன். ஆனால் படத்தில் நான் இல்லை. நம்மீது வெளிச்சம் விழாமல் நகர்ந்துகொண்டே இருந்தால் காமிரா நம்மை மதிப்பதில்லை. சில கல்யாணங்களில் எனக்கு இந்த அனுபவம் உண்டு.

நாலாவது படத்தை ஒரு லாரியின் முன்விளக்கு கெடுத்தது. ஐந்தாவதைக் கெடுத்தது ஒரு குரல்:

"யாருப்பா அது? ராத்திரியிலே டார்ச் அடிச்சுக்கிட்டு மண்டபத்திலே என்ன தோண்டறீங்க?"

கையில் தடியோடு வயல்காரர். புதையல் தேடுகிறோம் என்று நினைத்துவிட்டார். நல்ல வேளை, கூட ஒரு பெண் இருந்தாள். காமிராத் திரையைக் காட்டினாள். பெரியவர் வெகு நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். "இது பில்லல கோடி இல்லே?" என்றார். ஆந்திர எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கும் சீமை. 1960-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் இங்கே பல வீடுகளில் தெலுங்குதான் பேச்சு. தாய்க்கோழியும் குஞ்சுகளும் என்று அர்த்தம். முருகனைத் தூக்கி வளர்த்த பெண்கள் இந்த வயலில் கோழிக்குஞ்சுகள்! ரசித்தேன்.

அதற்கப்புறம் டார்ச் அவர் கைக்குப் போய்விட்டது. நெற்பயிருக்குத் தண்ணீர் பாய்ச்ச இருட்டில் நடந்து பழகின கை. நிதானமாக, தூணின் அடியிலிருந்து மேலே ஒரு வீச்சு, கூரையின் விளிம்பில் ஒரு வீச்சு. ஆறாவது படம் அமைந்துவிட்டது.

திரும்பும்போது வடகிழக்கில் சப்தரிஷி மண்டலம் எழுந்திருந்தது. அதிலே வசிஷ்டருக்குப் பக்கத்தில் அருந்ததி. பட்டப்பகலில் புரோகிதர் காட்டின திசையில் "தெரிகிறது" என்று தலையாட்டிய நேயர்கள், ஒரு இருட்டு ராத்திரியில் நிஜமாகவே பார்த்துக்கொள்ளலாம்.

இருட்டுக்காகவே இடம் தேடுகிறவர்கள் உண்டு. வானியல் அறிஞர் வைணு பாப்பு ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்ததும் அங்கே வானம் இருட்டாகவும் தெளிவாகவும் இருந்ததால்தான். 1986-இல் அவர் பெயரையே சூட்டிய 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. லடாக்கில் ஹான்லே பகுதியை 2022-இல் இருள்வானக் காப்பகமாகவே அறிவித்தார்கள். அங்கே கிராமத்தார் விளக்குகளுக்கு மூடி போட்டு, ஜன்னலுக்குத் திரை கட்டுகிறார்கள்.

மறுநாள் படத்தைப் பெரிதாக அச்சடித்து அத்தையிடம் கொடுத்தாள் பேத்தி. அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கோலப்புள்ளி எண்ணுகிற மாதிரி விரல் வைத்து எண்ணினாள்.

"எட்டு இருக்கேடி!"

"காமிராவுக்குக் கண் ஜாஸ்தி பாட்டி. அந்தக் கூட்டத்திலே ஆயிரத்துக்கு மேலே இருக்கு. இந்த வெளிச்சம் அங்கேயிருந்து கிளம்பி நானூத்து நாப்பது வருஷம் ஆச்சு."

சென்னைப் பட்டணமே உண்டாவதற்கு முன்னால் கிளம்பின வெளிச்சம்! அத்தை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஹான்லே சமாசாரத்தில்தான் அவள் மனம் நின்றுவிட்டது.

"விளக்குக்கு மூடி போடறாங்கன்னியே, அது தெருவுக்கு வெளிச்சம் விழாமலா?"

"தெருவுக்கு விழும். மேலேயும் வாசல் பக்கமும் சிதறாது."

அன்று சாயங்காலம் நான் ரயிலேறும்போது, தெரு விளக்கைப் பார்க்க வருகிற ஆள் எந்தக் கிழமை வருவான் என்று எதிர்வீட்டு அம்மாளிடம் அத்தை விசாரித்துக்கொண்டிருந்தாள்.