பின்னால் வருகிறவருக்கு நம் வண்டி தெரிகிறதா?

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



வழக்கமாக இந்த நேரத்தில் விதை நேர்த்தி, மேலுரம், பூச்சி மருந்து என்று கேட்டுப் பழகியிருப்பீர்கள். இன்றைக்கு ரோட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். "அது லாரிக்காரர், பஸ்காரர் சமாசாரம் ஆச்சே, நமக்கு என்ன?" என்று கேட்கலாம். நெல் மூட்டை கொள்முதல் நிலையத்துக்குப் போகணும், கரும்பு ஆலைக்குப் போகணும், வைக்கோல் வீட்டுக்கு வரணும், எரு வயலுக்குப் போகணும். எல்லாமே ரோடு வழியாகத்தான். அதிலும் அறுவடைக் காலத்தில் இந்தப் போக்குவரத்தில் பாதி இருட்டில்தான் நடக்கிறது.

2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. 17,884 பேர் இறந்தார்கள். நாள் கணக்கில் பார்த்தால் தினம் 49 பேர். விபத்து எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே நம் மாநிலம்தான் முதலிடம். இதற்குக் காரணங்கள் பல. குடித்துவிட்டு ஓட்டுவது, அதிவேகம், ஹெல்மெட் போடாதது என்று நீங்கள் அறிந்தவைதான். நான் பேச வந்தது அவ்வளவாக யாரும் பேசாத ஒன்று. இருட்டில் நம் டிராக்டர் டிரெய்லரும் மாட்டு வண்டியும் பின்னால் வருகிறவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

கொஞ்ச நேரம் ஒரு பஸ் டிரைவர் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ராத்திரி எட்டு மணி. எதிரே லாரி வருகிறது, அதனால் இவர் விளக்கை டிம் செய்திருக்கிறார். டிம் வெளிச்சத்தில் விளக்கில்லாத ஒரு கறுப்பு உருவம் தெரிவது ஏறத்தாழ 150 அடிக்குள்தான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு வினாடியில் 55 அடி போய்விடும். கண் பார்த்து, மனசு புரிந்துகொண்டு, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளேயே 80 அடி காலி. பிரேக் பிடித்த பிறகு பாரத்தோடு போகிற பஸ் நிற்க இன்னும் 80, 90 அடி வேண்டும். ஆக, கண்டவுடனே மிதித்தாலும் உங்கள் டிரெய்லரை முட்டுகிற மாதிரி வந்துதான் நிற்கும். இதுவே 80 கிலோமீட்டர் வேகமென்றால் நிற்பதற்கு 250 அடி பக்கம் தேவை. மழைத் தண்ணீர் கிடந்தால் கணக்கே வேறு.

உங்கள் டிராக்டர் 15, 20 கிலோமீட்டரில் நகர்ந்துகொண்டிருப்பதால் சிறிது அவகாசம் கிடைக்கும்தான். வழியில் நின்றுபோன டிரெய்லர் என்றால் அதுவும் கிடையாது.

"டிரைவர் பார்த்து வரக்கூடாதா?" என்பது நியாயமான கேள்விதான். வரணும். ஆனால் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், வெளிச்சம் எட்டாத இடத்தில் இருப்பதை யாராலும் பார்க்க முடியாது. நமக்கு அவருடைய விளக்கு அரை மைலுக்கு அப்பாலேயே தெரிகிறது. அதனால் நாமும் அவருக்குத் தெரிகிறோம் என்று நினைத்துவிடுகிறோம். இந்த நினைப்புதான் ஆளைக் கொல்கிறது.

அந்தக் காலத்துப் பார வண்டிக்காரர்கள் இதைப் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள். அச்சுக்குக் கீழே அரிக்கேன் விளக்கைக் கட்டித் தொங்கவிட்டுத்தான் வண்டியைப் பூட்டுவார்கள். அப்போது ரோட்டில் வேகமும் இல்லை. இன்றைக்கு வேகம் வந்துவிட்டது, அந்த விளக்கு போய்விட்டது.

டிரெய்லருக்குப் பின்விளக்கு இருக்கும். டிராக்டரிலிருந்து அதற்கு வயரும் பிளக்கும் உண்டு. புதிதாக வாங்கின வருஷம் எரியும். பிறகு வயரை எலி கடித்துவிடும், பல்பை வரப்பில் இடித்து உடைத்துவிடுவோம், அத்தோடு சரி. எரிகிற விளக்கையும் கரும்புத் தோகையோ வைக்கோலோ மூடிக்கொண்டிருக்கும். முதல் வேலையாக அந்த வயரைச் சரிசெய்யுங்கள்.

அதோடு நிற்காமல் ஒளி திருப்பும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ராத்திரியில் மாட்டுக் கண்ணில் டார்ச் அடித்தால் பளிச்சென்று மின்னுகிறதே, அதே தத்துவம்தான். வெளிச்சம் எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்புகிறது. சிவப்பு பெயிண்ட் அடித்தால் அப்படி மின்னாது, இருட்டில் அதுவும் கறுப்புதான். நல்ல ஸ்டிக்கர் 500 அடிக்கு அப்பாலேயே டிரைவர் கண்ணில் படும். முன்பக்கம் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. இந்த நிறத்தை மாற்றாதீர்கள். பின்னால் சிவப்பு என்றால்தான் முன்னே போகிற வண்டி என்று அவருக்குப் புரியும். டிரெய்லரின் இரண்டு ஓரத்திலும் ஒட்டினால்தான் அகலமும் தெரியும். செலவு ஒரு ஆளின் ஒருநாள் கூலியை ஒட்டி வரும். சேறு படிந்தால் ஸ்டிக்கர் குருடு. வயலிலிருந்து ரோட்டுக்கு ஏறும்போது ஈரச் சாக்கால் ஒரு துடைப்புத் துடைத்துவிட்டு ஏறுங்கள்.

கரும்பு, வைக்கோல் பாரம் டிரெய்லரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால், ஸ்டிக்கர் ஒட்டின பலகை ஒன்றைப் பாரத்தின் கடைசிக் கயிற்றில் தொங்கவிடுங்கள். டயர் வண்டி வைத்திருப்பவர்கள் நுகத்தடியிலும் வண்டியின் பின்கட்டையிலும் ஒட்டலாம். மாட்டுக் கொம்பில் ஒட்டினாலும் தப்பில்லை, மாடு கோபித்துக்கொள்ளாது.

வண்டி ரிப்பேராகி நின்றால் நம் ஆட்கள் மரக்கிளையை ஒடித்துப் பின்னால் போடுவார்கள். பகலுக்கு அது சரி. ராத்திரியில் தழை மின்னாது. டயருக்கு முட்டுக் கொடுத்த கல்லை அப்படியே விட்டுப் போவதும் வழக்கமாக இருக்கு. பத்து நிமிஷம் கழித்து மொபெட்டில் வருகிறவர் அதில் விழுவார். அவர் உங்கள் ஊர்க்காரராகவே இருப்பார். வண்டியை முடிந்தவரை ரோட்டை விட்டு இறக்குங்கள். சிவப்பு முக்கோணப் பலகையைத் தள்ளிப் பின்னால் வையுங்கள். கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்குத் தனியாக இரண்டு விஷயம். ராத்திரி உழவுக்குப் பின்பக்கம் ஒரு வெள்ளை விளக்கு இருக்கிறதல்லவா, ரோட்டில் ஏறினதும் அதை அணைத்துவிடணும். அது பின்னால் வருகிறவர் கண்ணைக் கூசச் செய்யும். எதிரே ஏதோ வண்டி வருகிறது என்றும் அவரை ஏமாற்றும்.

இரண்டாவது, பிரேக். டிராக்டரில் இடது சக்கரத்துக்கு ஒரு பெடல், வலது சக்கரத்துக்கு ஒரு பெடல். வயல் மூலையில் சட்டென்று திரும்ப ஒரு பக்கத்தை மட்டும் மிதிப்போம். ரோட்டில் வேகமாகப் போகும்போது அப்படி ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்துக் குடை சாயும். இரண்டு பெடலையும் சேர்த்துப் பூட்ட ஒரு கொண்டி கொடுத்திருக்கிறார்கள். ரோட்டுக்கு வருமுன் அதைப் போடணும். பல வண்டிகளில் அந்தக் கொண்டி துருப்பிடித்து மடங்கிக் கிடப்பதைப் பார்க்கிறேன். போதாததற்கு நம் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே கிடையாது. பாலத்து இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால், பின்னால் இருக்கும் பாரம் டிராக்டரைத் தள்ளிக்கொண்டு போகும்.

ஆட்களை ஏற்றுவது பற்றியும் சொல்ல வேண்டும். டிராக்டரில் இருக்கை ஓட்டுகிறவருக்கு மட்டும்தான். மட்கார்டு உட்காருகிற இடமல்ல, டிரெய்லர் சரக்குக்கு உள்ளது. 2022 அக்டோபர் 1-ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் மாவட்டத்தில், கோயிலுக்குப் போய்த் திரும்பினவர்களை ஏற்றி வந்த டிராக்டர் டிரெய்லர் குட்டையில் கவிழ்ந்தது. 25 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நம் ஊரிலும் காதுகுத்துக்கும் கிடாவெட்டுக்கும் நடவுக்கும் இப்படித்தானே ஏற்றுகிறோம்? நடவாட்களுக்கு வேறு வண்டி வைத்தால் செலவு கூடும், உண்மைதான். அதை நடவுச் செலவில் சேர்த்துக் கணக்குப் போடுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ரோட்டில் கதிர் காயப்போடுவது அடுத்தது. களம் இல்லாத ஊரில் விவசாயி எங்கே போவார் என்ற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனாலும் கேழ்வரகுக் கதிரின் மேலும் உளுந்துச் செடியின் மேலும் மோட்டார் சைக்கிள் வழுக்குவது சேற்றில் வழுக்குவது போலத்தான். கொள்ளுக் கொடி காரின் அடியில் சுற்றிக்கொண்டு தீப்பிடிப்பதும் உண்டு. ரோட்டில் காயப்போடாதீர்கள். உலர்களம் கேட்டுப் பஞ்சாயத்தில் மனுக் கொடுங்கள், விடாமல் கேளுங்கள்.

இனி, பையன்கள். பதினாலு வயசுப் பையன் டிராக்டர் ஓட்டுவது அப்பனுக்குப் பெருமையாக இருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றவருக்கும் வண்டிச் சொந்தக்காரருக்கும் 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. பதினெட்டு வயது ஆனதும் எல்.எல்.ஆர். எடுத்து முறையாகப் பழக்குங்கள். ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தால் ஓட்டத் தெரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. எப்போது டிம் அடிப்பது, எங்கே முந்தக்கூடாது, பாரத்தோடு எத்தனை அடியில் வண்டி நிற்கும் என்பதெல்லாம் சொல்லிக்கொடுத்துத்தான் வரும்.

விபத்தைப் பார்த்தால் 108-க்குக் கூப்பிடுங்கள். போலீஸ், கோர்ட் என்று பயப்பட வேண்டாம். அடிபட்டவரைக் காப்பாற்றினவர் தன் பெயரைச் சொல்லும்படியோ சாட்சிக்கு வரும்படியோ கட்டாயப்படுத்தக் கூடாது என்பது இப்போது சட்டம். 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், சேர்க்கப்பட்ட ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, வரையறுத்த தொகை வரை இலவசம்.

ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு விழா நடத்துகிறார்கள். பஸ் நிலையத்தில் துண்டுப் பிரசுரம், பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வலம், ஹெல்மெட் பேரணி. நல்லதுதான். ஆனால் அதே ஜனவரியில்தான் சம்பா அறுவடையும் கரும்பு வெட்டும் நடக்கிறது. பிரசாரம் டவுனோடு நின்றுவிடுகிறது, டிரெய்லர்கள் கிராமத்தில் கிடக்கின்றன. பஞ்சாயத்துத் தலைவர்களும் இளைஞர் மன்றத்தாரும் பிரேக் இன்ஸ்பெக்டரை ஊருக்கே அழைத்து வரலாம். ஆலை கேட்டிலும் கொள்முதல் நிலையத்திலும் வைத்து ஸ்டிக்கர் ஒட்டலாம்.

அவர் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஜனவரி 26 கிராம சபைக்கு முதல்நாள் இருட்டினதும், வண்டி வராத களத்துப் பாதையில் இரண்டு டிரெய்லரை நிறுத்துங்கள். ஒன்றில் ஸ்டிக்கர் இருக்கட்டும், ஒன்றில் வேண்டாம். 500 அடி தள்ளி ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்தி, விளக்கை டிம்மில் வைத்து மெதுவாக உருட்டி வரச் சொல்லுங்கள். எந்த டிரெய்லர் எத்தனை அடியில் கண்ணுக்குத் தெரிந்தது என்று ஊர்ப் பிள்ளைகள் நாடா வைத்து அளக்கட்டும். டிராக்டர் வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் ஒரு தடவை அந்த மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து பார்க்கணும். அளந்த கணக்கை மறுநாள் சபையில் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துவிடுங்கள்.