நேரம் குறைவு, சோதனை அதிகம்: எதை முதலில் ஓட்டுவது?

2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் ஒரு முடிவெடுத்தது. நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள விடுதி அறைகளுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறையும். செப்டம்பர் 22 முதல் அமல். சுற்றுலாவை நம்பியிருக்கும் புதுச்சேரிக்கு நல்ல செய்தி. ஆனால் விடுதிகளின் பில் மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்குக் கிடைத்தவை 19 நாட்களே.

ஓர் எண்ணை மாற்றுவதுதானே என்று தோன்றும். அந்த எண்ணைத் தொட்டால் முன்பதிவு, ரத்து, தள்ளுபடி, கணக்கறிக்கை என்று நேற்றுவரை ஒழுங்காக ஓடிய பகுதிகளும் தடுமாறக்கூடும். அப்படி எதுவும் கெடவில்லை என்று பழைய சோதனைகளை மறுபடி ஓட்டிப் பார்ப்பதற்கு ரெக்ரஷன் டெஸ்டிங், அதாவது மீள்சோதனை, என்று பெயர்.

கடற்கரைச் சாலையருகே ஒரு விடுதி. அதன் மென்பொருளுக்கு 600 சோதனைகள். எல்லாம் ஓடி முடிய 10 மணி நேரம் ஆகும். வெள்ளிக்கிழமைக் கூட்டம் வர இன்னும் 2 மணி நேரமே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதை முதலில் ஓட்டுவது?

முதலில், மாற்றிய நிரல்வரிகளைத் தொடும் சோதனைகள். குறிப்பாக எல்லைகள்: 7,500 ரூபாய்க்கு 5 சதவீதம், 7,501 ரூபாய்க்கு 18 சதவீதம் வருகிறதா? 21ஆம் தேதி இரவு வந்து 23ஆம் தேதி கிளம்புபவரின் பில் எப்படி வருகிறது? அடுத்து, தவறினால் பெரும் நஷ்டம் தரும் பணம் வாங்குதல், பணம் திருப்புதல். பிறகு, முன்பு அடிக்கடி பிழை காட்டிய பகுதிகள். முக்கியத்துவம் சமமானால், சீக்கிரம் முடிகிற சோதனைக்கே முதலிடம்.

கிரெக் ராதர்மெல், மேரி ஜீன் ஹாரல்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட கட்டுரை, சோதனைகளை இப்படி முன்னுரிமைப்படி வரிசைப்படுத்துவதன் பயனை அளந்து காட்டியது. பிழைகள் எவ்வளவு சீக்கிரம் பிடிபடுகின்றன என்பதே அவர்களது அளவுகோல். மென்பொருளில் இருக்கும் ஒரே பிழை 10 சோதனைகளில் மூன்றாவதில் சிக்கினால் மதிப்பு 75 சதவீதம். ஒன்பதாவதில் சிக்கினால் 15 சதவீதம். சோதனைகள் அதே பத்துதான். மாறியது வரிசை மட்டுமே.

இம்முறையில் எந்தச் சோதனையும் கைவிடப்படுவதில்லை. மீதமுள்ளவற்றை இரவில் ஓட்டிக்கொள்ளலாம். ஓட்டியே ஆகவும் வேண்டும். கோப்பில் இருக்கும் வரிசைப்படியே சோதனைகளை ஓட்டிவிட்டு, நேரம் முடிந்ததும் நிறுத்துகிற பழக்கத்தை விடுங்கள். எது கெட்டால் வாடிக்கையாளர் ஏமாறுவாரோ, அதை முதலில் சோதியுங்கள்.