காவல் விராலை விட்டுவிடுங்கள்

மாசி பிறந்ததும் கெடார் சுற்றுவட்டார ஏரிகளில் தண்ணீர் இறங்கத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய நீர், பாசனத்துக்குப் போனது போக ஆழமான இடங்களில் ஒதுங்கும். விரால் தூண்டில்காரர்களுக்கு இதுதான் காலம்.

அமெரிக்க ஏரிகளில் இளவேனில் தொடங்கியதும் 'பாஸ்' மீனைத் தேடிப் போவார்கள். நம்மூரில் அந்த இடம் விராலுக்கு. இரண்டும் புல்லுக்குள் பதுங்கியிருந்து இரையைப் பாய்ந்து கவ்வும். இரண்டும் குஞ்சுகளைக் காவல் காக்கும். ஆனால் விராலுக்கு ஒரு கூடுதல் வித்தை உண்டு. காற்றைச் சுவாசிக்க அடிக்கடி மேலே வரும். நீர்ப்பரப்பில் எழும் அந்தச் சலனத்தைப் பார்த்துத்தான் அனுபவசாலிகள் தவளையை மாட்டித் தூண்டில் வீசுவார்கள். தக்கை ஆடியதும் இழுத்துவிடக் கூடாது. விழுங்க விட வேண்டும். பொறுமை இல்லாதவருக்குக் குழம்பு இல்லை!

தெலங்கானா விராலைத் தன் மாநில மீனாகவே அறிவித்திருக்கிறது.

நேயர்களே, பல ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும்; கேட்டுவிட்டு இறங்குங்கள். மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகத் தெரிந்தால் அங்கே தூண்டில் போடாதீர்கள். காவல் மீன் பிடிபட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும்.