பழைய லாண்ட் றோவர் வண்டிகளில் கியர் எண்ணெய் ஒழுகும் இடத்தைக் கண்டறிதல்

நுவரெலியா போன்ற மலைநாட்டுப் பகுதிகளில் மரக்கறி பயிரிடும் கமக்காரர் பலருக்குப் பழைய லாண்ட் றோவர் வண்டி இன்றும் கைகொடுத்து வருகின்றது. லொறி செல்ல முடியாத செங்குத்தான பாதைகளில் கரட், கோவா மூடைகளை ஏற்றி இறக்க இது ஏற்றதாகும். 1948ஆம் ஆண்டு முதல் 1985ஆம் ஆண்டு வரை மூன்று வரிசைகளாகச் செய்யப்பட்ட இவ்வண்டிகளில் எண்ணெய் ஒழுகுவது வழமையே என்று கூறி, அதனைக் கவனியாது விடுவோர் உளர். இது பெருந் தவறாகும். நிலத்தில் விழும் சொட்டினால் வரும் நட்டம் சிறிது. பெட்டியினுள் எண்ணெய் குறைந்து பற்சில்லுகள் தேய்வதும், ஒழுகிய எண்ணெய் கைப்பிறேக்கினுட் புகுவதுமே பெரிய நட்டமும் ஆபத்துமாகும். ஆகையால், எதனையும் கழற்றுமுன் எண்ணெய் எங்கிருந்து வருகின்றதென்பதை முதலில் அறிதல் வேண்டும்.

இரு பெட்டிகள்

இவ்வண்டியில் இரு பெட்டிகள் ஒன்றோடொன்று இணைந்துள்ளன. முன்னால் இருப்பது கியர்ப் பெட்டி. அதன் பின்னால் இருப்பது, முன் சில்லுகளுக்கும் பின் சில்லுகளுக்கும் விசையைப் பங்கிடும் ட்ரான்ஸ்பர் பெட்டி. ஒவ்வொன்றிலும் தனித்தனியே எண்ணெய் உண்டு. இரண்டாம், மூன்றாம் வரிசை வண்டிகளில் கியர்ப் பெட்டி ஏறக்குறைய 1.5 லீற்றரும், ட்ரான்ஸ்பர் பெட்டி ஏறக்குறைய 2.5 லீற்றரும் கொள்ளும். இவ்வளவு சிறிய அளவில் அரை லீற்றர் குறைவதும் பாரதூரமானதே.

சோதிக்கும் முறை

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் அண்டை கொடுங்கள். ஜக்கினால் மட்டும் தாங்கப்பட்ட வண்டியின் கீழ் ஒருபோதும் நுழைய வேண்டாம்.

2. பெட்டிகளின் வெளிப்புறத்தைத் தூரிகையாலும் மண்ணெண்ணெயாலும் கழுவித் துணியால் நன்கு துடையுங்கள். பல வருட அழுக்கின்மேல் ஒழுக்கைத் தேடுவது வீண் முயற்சியாகும்.

3. சில மைல் தூரம் வண்டியை ஓட்டி வந்து, இரவில் அதன் கீழ்த் தடித்த காகித மட்டையைப் பரப்பி வையுங்கள். காலையில் சொட்டு விழுந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. பின்னர் விளக்கொன்றுடன் கீழிருந்து மேல் நோக்கிப் பாருங்கள். எண்ணெய் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்று அதனைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே நனைந்துள்ள இடங்களுள் மிக மேலும் மிக முன்னும் உள்ளதே ஒழுக்கின் பிறப்பிடமாகும்.

5. எண்ணெயைத் தொட்டும் முகர்ந்தும் பாருங்கள். கியர் எண்ணெய் தடிப்பானது. கந்தகம் போன்ற கடுமையான மணமுடையது. என்ஜின் எண்ணெய் அதனிலும் இளகியது. டீசல் வண்டியில் அது கறுத்திருக்கும்.

ஒழுக்கு அறிவிக்கும் செய்தி

கிளச்சை மூடிநிற்கும் மணிவடிவக் கூட்டின் அடியில் ஒரு துளை உண்டு. அதிலிருந்து கியர் எண்ணெய் சொட்டினால், கியர்ப் பெட்டியின் முன் தண்டினருகே பழுது உளதென அறிக. என்ஜின் எண்ணெய் சொட்டினால், என்ஜினின் பின்புற ஒயில் சீல் பழுதடைந்திருக்கலாம். நீரோடையிலோ ஆழ்ந்த சேற்றிலோ செல்லும்போது இத்துளையை அதற்குரிய திருகு மூடியால் அடைப்பர். வேலை முடிந்ததும் மூடியைக் கழற்றிவிடுதல் வேண்டும். கழற்றாதுவிடின் எண்ணெய் உள்ளே தேங்கிக் கிளச்சைக் கெடுக்கும்.

ட்ரான்ஸ்பர் பெட்டியின் பின்புறத்தில் கைப்பிறேக் டிறம் பொருத்தப்பட்டுள்ளது. அதன் விளிம்பில் எண்ணெய் காணப்படின், பின் தண்டின் ஒயில் சீல் தேய்ந்திருத்தல் கூடும். இதற்கு ஒருநாளும் தவணை கொடுத்தல் ஆகாது. எண்ணெய் பட்ட கைப்பிறேக், பாரமேற்றிய வண்டியை மலைச்சரிவில் நிறுத்தி வைக்காது. சீலை மாற்றுவதுடன், எண்ணெயில் ஊறிய பிறேக் லைனரையும் மாற்றுதல் அவசியமாகும்.

ட்ரான்ஸ்பர் பெட்டியின் அடித் தகட்டைச் சுற்றி ஈரம் இருந்தால், முதலில் போல்ற்றுகள் தளர்ந்துள்ளனவா எனப் பாருங்கள். இறுக்கிய பின்னரும் கசிந்தால் கஸ்கெற்றை மாற்றுங்கள்.

வெளியே ஒழுக்கு எதுவுமின்றிக் கியர்ப் பெட்டியில் எண்ணெய் குறைந்துகொண்டே போவதும் உண்டு. அப்போது ட்ரான்ஸ்பர் பெட்டியின் மட்ட மூடியைத் திறந்து பாருங்கள். எண்ணெய் பெருகி வெளியே வழிந்தால், இரு பெட்டிகளுக்கும் இடையிலுள்ள சீல் பழுதடைந்து, எண்ணெய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கின்றது என்பது தெளிவு.

சீலை மாற்றுமுன்

மட்டத்துக்கு மேல் எண்ணெய் ஊற்றினால் நல்ல சீலும் கசியும். காற்றுத் துளை உள்ள பெட்டியில் அது சேற்றினால் அடைபட்டால், உள்ளே சூடேறிய காற்று எண்ணெயை வெளியே தள்ளும். இவ்விரண்டையும் முதலிற் சரிபாருங்கள். தண்டைக் கையாற் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். மிகுந்த ஆட்டம் இருப்பின் பெயாரிங் தேய்ந்துள்ளது. புதிய சீல் போட்டாலும் அது நெடுநாள் நில்லாது. சீல் உராயும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தாலும் அவ்வாறேயாகும். இவற்றை மெக்கானிக்கிடம் முன்கூட்டியே சொன்னால், ஒரே வேலைக்கு இருமுறை கூலி கொடுக்க நேராது.

மட்டம் பார்த்தல்

பழுது தீரும்வரை வாரம் ஒருமுறையேனும் இரு பெட்டிகளின் மட்ட மூடிகளையும் திறந்து பாருங்கள். வண்டி சமதரையில் நிற்கையில் எண்ணெய் துளையின் அடி விளிம்பைத் தொட்டு நிற்றல் வேண்டும். வண்டியின் கைநூலிற் கூறப்பட்ட எண்ணெயையே ஊற்றுங்கள். கழிவெண்ணெயைத் தகரத்தில் சேர்த்து வையுங்கள். வயலிலோ வாய்க்காலிலோ கிணற்றருகிலோ ஊற்றுதல் கூடாது.

நெடுநாள் ஒழுகிய வண்டியில் சொட்டு தானாகவே நின்றுவிட்டால் மகிழவேண்டாம். ஒழுகுவதற்கு உள்ளே எண்ணெய் இல்லாமற் போயிருக்கலாம். மட்டத்தைப் பார்த்த பின்னரே வண்டியை எடுங்கள்.