ஏரிக்கரையில் இரண்டு நாள்

சனிக்கிழமை வந்தால் வீட்டில் எல்லோருக்கும் குதூகலம். ஐயாவுக்கு ஆபீஸ் இல்லை. குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஆனால் அடுப்புக்கு விடுமுறை உண்டோ? வாரத்தில் ஐந்து நாளும் ஒரு வேளைச் சமையலோடு தப்பித்த அம்மாளுக்கு, அந்த இரண்டு நாளும் மூன்று வேளைச் சமையல்! "விடுமுறை யாருக்கு?" என்று அவள் கேட்டால் பதில் சொல்ல யாருக்கும் வாய் வராது.

இந்தச் சங்கடம் நம் ஊருக்கு மட்டும் ஏற்பட்டதல்ல. சீனாவின் மாபெரும் பட்டணமான ஷாங்காயிலும் இதே கதைதான். அங்கே புருஷன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் ஏராளம். குழந்தையைப் பார்த்துக் கொள்ளத் தாத்தாவோ பாட்டியோ ஊரிலிருந்து வந்து தங்கியிருப்பார்கள். 1995-ம் ஆண்டு மே மாதம் 1-ந் தேதிக்குப் பிறகுதான் அந்தத் தேசத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடுமுறை என்பது பொது விதி ஆயிற்று. கிடைத்த விடுமுறையைத் துணி துவைப்பதும், கடைக்குப் போவதும், குழந்தையை விசேஷ வகுப்புகளுக்கு இழுத்துக்கொண்டு ஓடுவதும் விழுங்கிவிட்டால் என்ன பயன்?

இதற்கு ஒரு மாற்று மருந்து உண்டு. சனிக்கிழமை காலையில் ரயில் ஏறுவது; ஞாயிற்றுக்கிழமை மாலையில் திரும்பிவிடுவது. பெட்டி படுக்கை வேண்டாம், லீவு எழுதிப் போட வேண்டாம். ஷாங்காய்க்காரர்கள் இப்படிப் போய் வரும் ஊர்களில் முதன்மையானது ஹாங்சௌ. மேலே சொர்க்கம், கீழே சூசௌவும் ஹாங்சௌவும் என்று சீனாவில் பழமொழியே இருக்கிறது. சொர்க்கத்துக்குச் சமமான ஊருக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஒரு மணி நேர ரயில்

ஷாங்காயின் ஹோங்ச்சியாவ் ஸ்டேஷனைப் பார்த்தால் இது ரயில் நிலையமா, விமான நிலையமா என்ற சந்தேகம் வந்துவிடும். அவ்வளவு பெரிய கூடம். உள்ளே நுழையும்போதே மூட்டை முடிச்சுகளைச் சோதனை செய்கிறார்கள். 2010-ம் ஆண்டு அக்டோபரில் இங்கிருந்து ஹாங்சௌவுக்கு அதிவேக ரயில் பாதை திறந்தார்கள். வேகமான வண்டிகள் மணிக்கு 300 கிலோ மீட்டருக்கு மேல் ஓடுகின்றன. நாம் ஜன்னல் ஓரத்தில் அமர்ந்து, கொண்டு வந்த ஆரஞ்சை உரித்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஊர் வந்துவிடுகிறது!

ஆசனங்கள் இரண்டாம் வகுப்பில் ஒரு பக்கம் மூன்று, மறு பக்கம் இரண்டு. நாலு பேர் கொண்ட குடும்பமானால் மூன்று பேர் ஒரு பக்கமும், நாலாமவர் நடைபாதைக்கு அப்பாலும் உட்கார வேண்டியதுதான். அந்த நாலாமவர் அநேகமாக அப்பாவாகத்தான் இருப்பார். அவருக்கும் கொஞ்சம் நிம்மதி வேண்டாமா?

ஒவ்வொரு வண்டியிலும் வெந்நீர்க் குழாய் இருப்பது பெண்களுக்குப் பெரிய ஒத்தாசை. சீனர்கள் குளிர்ந்த நீர் குடிப்பது அபூர்வம். ஆளுக்கொரு வெந்நீர்ப் புட்டி கையில் இருக்கும். குழந்தைக்குப் பால் மாவு கரைக்கலாம், பாட்டி தேயிலை போட்டுக் கொள்ளலாம்.

டிக்கெட் விஷயத்தில் மட்டும் முன்யோசனை அவசியம். பொதுவாகப் பதினைந்து நாள் முன்னதாக விற்பனை தொடங்குகிறது. வெள்ளி மாலை, சனிக் காலை வண்டிகள் சீக்கிரம் நிரம்பிவிடும். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை, தனி ஆசனம் கேட்காவிட்டால், பெரியவர் ஒருவரோடு இலவசமாக வரலாம். பதினான்கு வயது வரை சலுகைக் கட்டணம். காகித டிக்கெட் இப்போது வேண்டியதில்லை. சீனர்களுக்கு அடையாள அட்டை, வெளிநாட்டாருக்குப் பாஸ்போர்ட். ஷாங்காயில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளை வீட்டுக்குப் போய் இருக்கிறவர்கள், ஊர் சுற்றக் கிளம்புமுன் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக் கொள்ள மறக்கக் கூடாது. வண்டி புறப்படுவதற்குச் சில நிமிஷங்கள் முன்பே வாயிலை மூடிவிடுவார்கள். ஓடி வந்து தொற்றிக்கொள்ளும் வித்தை அங்கே செல்லாது!

ஏரி வெட்டிய கவிஞர்

ஹாங்சௌ ஸ்டேஷனில் இறங்கினால் பூமிக்கடியில் ஓடும் ரயிலில் ஏறி ஏரிக்கருகே போய்விடலாம். மேற்கு ஏரி என்பது அதன் பெயர். மூன்று புறமும் குன்றுகள். ஒரு புறம் நகரம். ஆறரைச் சதுர கிலோ மீட்டர் பரப்பு. கரையெல்லாம் காற்றில் அசையும் அலரி மரங்கள். கோடையில் தாமரை. 2002-ம் ஆண்டு முதல் ஏரிக்கரைக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது.

இந்த ஏரியை அழகு செய்தவர்களில் இருவர் கவிஞர்கள். 822-ம் ஆண்டில் கவிஞர் பாய் சூயி இந்த ஊருக்கு ஆளுநராக வந்தார். ஏரிக்குக் கரை எழுப்பி வயல்களுக்குப் பாசனம் செய்தார். 1089-ல் வந்தவர் சூ துங்போ. அவர் வந்தபோது ஏரியில் பாதி, களையும் சேறுமாகத் தூர்ந்து கிடந்தது. ஆயிரக்கணக்கான ஆட்களைக் கொண்டு தூர் வாரச் செய்தார். வாரிய சேற்றை எங்கே கொட்டுவது? ஏரிக்கு நடுவிலேயே கொட்டி, வடக்கு தெற்காக ஒரு கரையாக்கி, ஆறு பாலங்களையும் கட்டிவிட்டார்! சுமார் 2.8 கிலோ மீட்டர் நீளமுள்ள அந்தக் கரையில்தான் இன்று குழந்தைகள் ஓடுகிறார்கள். புதுத் தம்பதிகள் படம் எடுத்துக் கொள்கிறார்கள். குப்பையை அப்புறப்படுத்துவதில் இப்படி ஓர் அழகு உண்டென்று நம் நகரசபைகளுக்கும் யாராவது சொல்ல வேண்டும்.

படகில் போனால் தண்ணீருக்குள் மூன்று சிறு கல் தூபிகள் நிற்பதைப் பார்க்கலாம். குழந்தையின் கையில் ஒரு யுவான் நோட்டைக் கொடுத்துப் பின்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். 1999-ம் ஆண்டு வரிசை நோட்டில் அதே காட்சி அச்சிட்டிருக்கும். நோட்டையும் ஏரியையும் மாறி மாறிப் பார்க்கும்போது குழந்தையின் முகத்தில் தெரியும் ஆச்சரியம் படகுக் கூலிக்கு மேல் பெறும்.

கோபுரத்தின் கீழே ஒரு மனைவி

ஏரியின் வடகரையில் முறிந்த பாலம் என்று ஒரு பாலம். அது முறியவில்லை, பெயர்தான் அப்படி. தென்கரைக் குன்றின் மேல் லெய்ஃபெங் கோபுரம். இரண்டையும் இணைத்துச் சீனப் பாட்டிமார்கள் ஒரு கதை சொல்வார்கள்.

ஆயிரம் வருஷம் தவம் செய்த ஒரு வெள்ளைப் பாம்பு அழகிய பெண்ணாக மாறி இந்த ஏரிக்கரைக்கு வந்தது. மழை பிடித்துக் கொண்டது. ஓர் இளைஞன் தன் குடையை அவளுக்குக் கொடுத்தான். குடையைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் காதல், பிறகு கல்யாணம். இருவரும் மருந்துக் கடை வைத்து நன்றாகவே வாழ்ந்தார்கள். ஃபாஹாய் என்ற துறவிக்கு இது பொறுக்கவில்லை. அவருடைய தூண்டுதலால் கணவன் அவளுக்கு மது கொடுக்க, அவள் தன் பாம்பு உருவத்துக்குத் திரும்பினாள். பார்த்த கணவன் அதிர்ச்சியில் உயிரை விட்டான். அவளோ நெடுந்தூரம் போய் மூலிகை கொண்டு வந்து அவனைப் பிழைக்க வைத்தாள்! அப்படிப்பட்டவளைத்தான் துறவி பிடித்து லெய்ஃபெங் கோபுரத்தின் கீழே சிறை வைத்தார். கோபுரம் விழுந்தாலன்றி அவளுக்கு விடுதலை இல்லை.

கணவனை உயிர்ப்பித்தவள் செய்த குற்றம் என்ன? கதை கேட்ட குழந்தைகளெல்லாம் இதைத்தான் கேட்டிருப்பார்கள். அவர்களில் ஒருவர் பிற்காலத்தில் சீனாவின் தலைசிறந்த எழுத்தாளராக விளங்கிய லூ சுன். தம் பாட்டி இந்தக் கதையைச் சொன்னதையும், அந்தக் கோபுரம் என்றைக்கு விழும் என்று சிறு வயதில் தாம் ஏங்கியதையும் அவர் எழுதியிருக்கிறார். அவர் ஆசை பலித்தது! 975-ம் ஆண்டு வாக்கில் எழுப்பிய அந்தக் கோபுரம் 1924-ம் ஆண்டு செப்டம்பரில் இடிந்து விழுந்தது. அதன் செங்கல் வீட்டில் இருந்தால் நன்மை உண்டாகும் என்று நம்பி, ஜனங்கள் காலங்காலமாக ஒவ்வொன்றாகப் பெயர்த்துக்கொண்டு போனதுதான் காரணம்.

2002-ல் அதே இடத்தில் புதுக் கோபுரம் கட்டினார்கள். பழைய செங்கற்குவியல் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கிறது. புதுக் கோபுரத்தில் லிப்ட் இருப்பதால் பாட்டிகளும் உச்சிக்குப் போய் ஏரி முழுவதையும் பார்க்கலாம். அங்கே நிற்கும் பாட்டியிடம், கீழே யாரும் சிறையில் இல்லையே என்று பேத்தி கேட்டால், "1924-லேயே போய்விட்டாள்" என்று தைரியமாகச் சொல்லலாம்.

பறந்து வந்த மலை

ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கு லிங்யின் ஆலயம். நம்மவர்களுக்கு இதில் ஒரு தனி ஈடுபாடு உண்டாகும். சுமார் 328-ம் ஆண்டில் இந்தியாவிலிருந்து வந்த பிக்ஷு ஒருவர் இதை நிறுவியதாக வரலாறு. சீனர்கள் அவருக்கு இட்ட பெயர் ஹூய்லி. எதிரே நின்ற சுண்ணாம்புக்கல் குன்றைக் கண்டு அவர் திகைத்தாராம். "இது எங்கள் தேசத்துக் கழுகுமலை ஆயிற்றே! இங்கே எப்போது பறந்து வந்தது?" என்றாராம். யாரும் நம்பவில்லை. "அந்த மலைக் குகையில் குரங்குகள் இருந்தன, கூப்பிடுகிறேன் பாருங்கள்" என்று குரல் கொடுக்க, குரங்குகள் வெளியே வந்தன என்பது ஐதீகம். 'பறந்து வந்த சிகரம்' என்றே இன்றும் அந்தக் குன்றுக்குப் பெயர்.

ஊரை விட்டு வெகு தூரம் வந்தவனுக்கு எந்த மலையைப் பார்த்தாலும் ஊர் மலையாகத் தோன்றுவது சகஜந்தானே? பிறந்த வீட்டை விட்டு வந்த பெண்களுக்கு இது நன்றாகப் புரியும்.

குன்றின் பாறைகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட பௌத்தச் சிற்பங்கள். தொந்தி தள்ளிச் சிரித்துக்கொண்டிருக்கும் மைத்ரேயர் குழந்தைகளுக்கு உடனே சிநேகமாகிவிடுவார். ஆலயத்துக்குள்ளே, 1950-களில் கற்பூர மரத்தில் செதுக்கிய பிரம்மாண்டமான புத்தர். பீடத்தோடு சேர்த்துச் சுமார் 25 மீட்டர் உயரம்.

சாப்பாடும் கடைத்தெருவும்

கவிஞர் சூ துங்போவின் பெயரால் ஒரு பன்றி இறைச்சிப் பண்டம் இந்த ஊரில் பிரசித்தம். ஏரி மீனைப் புளிப்புக் குழம்பில் இட்டுத் தருவதும் அப்படியே. மரக்கறி உண்பவர்கள் பட்டினி கிடக்க வேண்டுமோ என்றால், இல்லை. ஆலயத்தை ஒட்டிச் சைவச் சாப்பாடு கிடைக்கும். நம் வீடுகளில் வற்றலாகப் பொரிக்கும் தாமரைத் தண்டின் கிழங்கில் அங்கே ஒட்டரிசியை அடைத்து, வேக வைத்து, வாசனைப் பூ கலந்த பாகு ஊற்றித் தருகிறார்கள். அதே கிழங்கின் மாவில் வெந்நீர் விட்டுக் கிளறினால் கண்ணாடி போன்ற கஞ்சி. நம் கூவைக்கிழங்குக் கஞ்சியின் உடன்பிறப்பு! குழந்தைக்கும் பாட்டிக்கும் ஏற்ற ஆகாரம்.

ஊருக்குப் பக்கத்திலேயே லூங்ஜிங் தேயிலைத் தோட்டங்கள். ஏப்ரல் தொடக்கத்துக்கு முன் பறித்த கொழுந்துக்குத்தான் மதிப்பு அதிகம். சூடான இரும்பு வாணலியில் வெறுங்கையால் அழுத்தி வறுக்கிறார்கள். பார்க்கும்போது நம் கை சுடுகிறது.

ஹெஃபாங் கடைத்தெருவில் 1874-ல் ஆரம்பித்த ஹூ சிங் யூ டாங் மருந்துக் கடைக்குள் அவசியம் எட்டிப் பார்க்க வேண்டும். 'ஏமாற்றாதே' என்று எழுதிய பலகை ஒன்று அங்கே தொங்குகிறது. வாடிக்கைக்காரர் பார்க்க அல்ல; கடைச் சிப்பந்திகள் பார்க்கும்படி உட்புறம் திருப்பி மாட்டியிருக்கிறார்கள்! பட்டின் சரித்திரம் தெரிய வேண்டுமானால், 1992-ல் திறந்த தேசியப் பட்டுக் காட்சிசாலைக்கு இலவசமாகவே போகலாம்.

அவசரம் வேண்டாம்

எச்சரிக்கை ஒன்று சொல்ல வேண்டும். இத்தனையும் படித்துவிட்டு, "இரண்டு நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம்" என்று அப்பா பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்தால், உடனே அதைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். சனிக்கிழமை ஏரியும் படகும், ஞாயிறு ஆலயம், நேரம் மிஞ்சினால் கடைத்தெரு. அவ்வளவே போதும். மதியம் ஒரு மணி நேரமாவது அம்மா கால் நீட்டி, வேறொருவர் போட்டுக் கொடுத்த தேநீரைக் குடிக்க வேண்டும். ரயில் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தை ஓட்டத்திலேயே செலவழித்தால், வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

அக்டோபர் முதல் வாரத் தேசிய விடுமுறையில் போகவே கூடாது. முறிந்த பாலத்தில் தலைகள்தான் தெரியும், ஏரி தெரியாது. நீண்ட விடுமுறைகளுக்கு ஈடாகச் சில சனி, ஞாயிறுகளை வேலை நாளாக்கிவிடும் வழக்கமும் அங்கே உண்டு. நாள் பார்த்துத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

ஞாயிறு மாலை வண்டியில் ஜன்னலுக்கு வெளியே விளக்குகள் ஓடும். குழந்தை பாட்டியின் மடியில் தூங்கிவிடும். பாட்டியின் பையில் தாமரைக் கிழங்கு மாவுப் பொட்டலம் ஒன்று. திங்கட்கிழமைக் காலையில் அதில் வெந்நீர் ஊற்றிக் கிளறினால் பலகாரம் தயார். அன்றைக்கு அம்மா அரை மணி நேரம் தாமதமாக எழுந்திருக்கலாம்.