பொம்மைக் கட்டைகளால் ஒரு நீராவித் தேர்

வெள்ளவத்தைக் கடற்கரையில் மாலை வேளையில் நிற்போர் அலையோசையையும் புகையிரதத்தின் ஓசையையும் ஒருங்கே கேட்பர். புகையிரதம் என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது. அப்புகைக்குக் காரணமான நீராவியோ அதனைவிட்டு நீங்கி நெடுங்காலமாயிற்று. 1864ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆந் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு இலங்கையின் முதற் புகைவண்டி சென்றது. 1953இல் டீசல் எஞ்சின்கள் வந்திறங்கின. மறுவருடம் கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா வழங்கிய எஞ்சின்கள் அல்பேட்டா, ஒன்ராறியோ என அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி வந்தன. நீராவி எஞ்சின் படிப்படியாக ஒதுங்கிற்று. இன்றைய மாணவருள் அஃது ஓடக் கண்டவர் மிகச் சிலரே. வினாத்தாளில் அதன் படத்தை வரைந்து உறுப்புகளுக்குப் பெயரிடுவர். முன்னும் பின்னுமாகச் செல்லும் முசலம் சில்லை எவ்வாறு ஒரே திசையிற் சுழற்றுகின்றது என வினவினாலோ மௌனஞ் சாதிப்பர். கலைப்பிரிவில் வெளிவாரிப் பட்டம் பெற்ற யானும் அவர்களினும் மேம்பட்டவனாய் இருந்தேனல்லேன். இவ்விடயத்தில் என் அறியாமையை ஓரளவு போக்கியவை பிள்ளைகளின் பொம்மைக் கட்டைகளே.

மேனாட்டிலே ‘ஸ்டீம்பங்க்’ என்றொரு கற்பனை நெறி வளர்ந்துள்ளது. கே. டபிள்யூ. ஜீற்றர் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1987இல் ஒரு சஞ்சிகைக்கு எழுதிய கடிதத்தில் இப்பெயரை வழங்கினார். பெற்றோலும் மின்சாரமும் உலகை ஆளாது, நீராவியே தொடர்ந்து ஆண்டிருந்தால் நாம் எவ்வகை யந்திரங்களைக் கண்டிருப்போம் என்பதே அந்நெறியின் வினா. பெயர் புதியதாயினும் எண்ணம் பழையது. பிரெஞ்சு நாவலாசிரியராகிய யூல்ஸ் வேர்ண் 1880இல் வெளியிட்ட ‘நீராவி வீடு’ என்னுங் கதையில் உருக்கினாலான யானையொன்று இரு வீடுகளை இழுத்துக்கொண்டு கல்கத்தாவிலிருந்து வட இந்தியாவினூடே செல்கின்றது. அதன் வயிற்றிலே கொதிகலம், துதிக்கையே புகைபோக்கி. வேர்ணின் கற்பனையைத் தழுவிப் பிரான்சின் நாந்து நகரில் 2007இல் பன்னிரண்டு மீற்றர் உயரமான யானையொன்று அமைக்கப்பட்டு மக்களை ஏற்றி நடந்தது. யானை நம் பக்கத்தது. ஆயினும் கதையில் அதனை ஆக்கியவர் ஓர் ஆங்கில எஞ்சினியர், ஏறிச் சென்றோர் ஐரோப்பியர். நம் நாட்டுக்கு யந்திரம் மட்டுமன்று, யந்திரத்தைப் பற்றிய கனவுங்கூடக் கப்பலில் வந்திறங்கியதே.

நிற்க. கட்டைகளின் வரலாற்றையுஞ் சிறிது கூறுதல் வேண்டும். லிவர்ப்பூலைச் சேர்ந்த பிராங்க் ஹோர்ண்பி 1901இல் துளையிட்ட உலோகப் பட்டிகளுக்கு உரிமை பெற்றார். அவையே பின்னர் மெக்கானோ எனப் புகழ்பெற்றன. டென்மார்க்கின் பில்லுண்ட் என்னும் ஊரில் 1932இல் தச்சராகிய ஓலே கிர்க் கிறிஸ்தியான்சன் தொடங்கிய விளையாட்டுப் பொருள் தொழிலிலிருந்து லெகோ பிறந்தது. மேலே குமிழும் உள்ளே குழாயும் உடைய இன்றைய கட்டைக்கு 1958 ஜனவரி 28இல் உரிமை கோரப்பட்டது. எட்டுக் குமிழுள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறினை 91 கோடியே 51 இலட்சத்து 3,765 வகையாக இணைக்கலாமென்பது கணிதர் கண்ட முடிவு.

குமிழுக்குக் குமிழ் இடைவெளி எட்டு மில்லிமீற்றர். தகட்டின் தடிப்பு 3.2 மில்லிமீற்றர். எனவே ஐந்து தகடுகளின் உயரமும் இரு குமிழ்களின் அகலமும் பதினாறு மில்லிமீற்றராய்ச் சமமாகின்றன. இச்சிறு சமன்பாட்டை அறியாதவன் கட்டைகளை மேன்மேல் அடுக்குவான். அறிந்தவன் பக்கவாட்டிலுந் திருப்பிக் கட்டுவான். கொதிகலத்தின் வளைந்த உடலை நாற்புறமுந் திரும்பிய தகடுகளால் மூடுதற்கு இதுவே வழி.

கொட்டாஞ்சேனையிற் சனிக்கிழமைகளில் என்னிடம் பாடங் கேட்க வரும் பிள்ளைகள் சிலர், பாடம் முடிந்தபின் ஒரு பெட்டியைத் திறப்பது வழக்கம். புறக்கோட்டையில் மலிவாக வாங்கிய கட்டைகளும், கனடாவிலிருந்து ஒருவனுடைய மாமா அனுப்பியவையும் அதிற் கலந்திருந்தன. அவர்களுள் ஒருவன் நீராவித் தேர் செய்யப் போவதாகக் கூறினான். செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு ஆடிவேல் தேர் வருங்கால் காலி வீதியில் ஏற்படும் வாகன நெரிசலை அவன் கண்டிருக்கின்றான். கடலோரத் தண்டவாளத்தின் வழியே தேரை விட்டால் எவருக்கும் இடையூறில்லை என்பது அவனது யோசனை! பம்பலப்பிட்டியிற் புகையிரத நிலையம் உண்டே என்றுஞ் சொன்னான். எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

முதலிற் படம் வரைந்தான். தேரின் முகப்பில் ஒரே அளவான மூன்று பற்சில்லுகள், ஒவ்வொன்றும் மற்றை இரண்டையுந் தொட்டு நின்றன. இத்தகைய அலங்காரத்தை ஸ்டீம்பங்க் படங்களிற் பல இடத்தும் காணலாம். அட்டையில் வெட்டி ஊசி குத்திச் சுழற்றிப் பார் என்றேன். சுழலவில்லை. அடுத்தடுத்த பற்சில்லுகள் எதிரெதிர்த் திசையிலேயே சுழலும். முதலாவது வலமாயின் இரண்டாவது இடம், மூன்றாவது மீண்டும் வலம். வலமும் வலமும் ஒன்றையொன்று தொட்டால் மூன்றும் இறுகி நிற்கும். கட்டைகளின் சதுர ஒழுங்கும் அத்தகைய சமபக்க முக்கோணத்துக்கு இடந்தராது. அன்றே எங்களுக்குள் ஒரு விதி செய்துகொண்டோம்: வேலையில்லாத சில்லும், தொடக்கமும் முடிவும் இல்லாத குழாயும் மாதிரியிற் சேரலாகா. அலங்காரத்தை விரும்புவோர் இதனைக் கடுமை என்பர். கற்பனை யந்திரம் இல்லாததொன்றாயிருக்கலாம், இயலாததொன்றாயிருத்தல் ஆகாது என்பதே என் துணிபு.

அடுத்து அளவு. நம் நாட்டு அகலப் பாதையின் தண்டவாளங்களிடையே 1,676 மில்லிமீற்றர். பொம்மைத் தண்டவாளங்களிடையே ஏறத்தாழ 37.5. வகுத்தால் நாற்பத்தைந்திலொரு பங்கு. பொம்மை மனிதனின் உயரம் ஏறக்குறைய நாற்பது மில்லிமீற்றர். அவனைப் பெருப்பித்தால் ஐந்தடி பத்தங்குலத்தினன், சரியே. அவனது உடலின் அகலமோ எழுபது சென்ரிமீற்றரைத் தாண்டுகின்றது! பிரசாதம் மிகுதியாயுண்டவன் எனப் பிள்ளைகள் நகைத்தனர்.

சில்லுகளைப் பொருத்தியபோதே பாடம் கனத்தது. தேரின் இருபுறமும் ஒவ்வோர் உருளை, உருளையினுள் முசலம், முசலத்திலிருந்து ஒரு தண்டு சில்லின் மையத்துக்கு விலகியுள்ள ஆணியொன்றிற் பொருந்தும். மோட்டரை மாட்டுமுன், இரு முசலங்களையும் விரல்களால் தள்ளிப் பார்த்தனர். முசலம் தன் வழியின் முனையை அடைந்ததும் தண்டும் ஆணியும் மையமும் ஒரே கோட்டில் நின்றன. எத்துணை தள்ளியும் சில்லு அசையவில்லை. இருபுற ஆணிகளையும் ஒரே நிலையில் வைத்திருந்தனர். சற்றுநேரஞ் சிந்தித்த ஒருத்தி ஒரு சில்லைக் கழற்றிக் காற்சுற்றுத் திருப்பி மாட்டினாள். ஒருபுற முசலம் முனையில் நிற்கும்போது மறுபுறத்தது நடுவழியில் நின்று வலுவோடு தள்ளுகின்றது. தேர் ஓடிற்று. இரட்டை உருளை எஞ்சின்களிற் செய்வதும் இதுவே. இப்பொம்மையின் அச்சுத்தண்டு வெட்டுமுகத்திற் கூட்டற்குறி போன்றதாதலின், சில்லை நான்கு நிலைகளில் மட்டுமே அதில் மாட்டவியலும். ஒவ்வொன்றுக்கும் இடையே சரியாகத் தொண்ணூறு பாகை. அளவுகோல் தேவைப்படவில்லை.

பின்னர் மின்கலத்தால் இயங்கும் மோட்டரைப் பொருத்தினர். சில்லுகள் சுழன்றன, முசலங்கள் அழகாக ஆடின. தேரைச் செய்தவன் மட்டும் மகிழ்ந்தானல்லன். “சேர், முசலம் சில்லைத் தள்ளவில்லை, சில்லுதான் முசலத்தை இழுக்கின்றது. இது பொய்யல்லவா?” என்றான். பொய்தான். மெய்யான நீராவியை விடுதலும் கூடாது. இப்பிளாஸ்டிக் ஏறத்தாழ நூறு பாகையளவில் இளகிவிடும், நாற்பது பாகைக்கு மேற்பட்ட நீரிற் கழுவுதலையே தயாரிப்பாளர் விலக்குவர். காற்றழுத்தத்தால் இயங்கும் சிறு உருளைகளை லெகோ 1984 முதல் வெளியிட்டது. அவற்றைக் கொண்டு காற்றால் ஓடும் எஞ்சின் செய்தோர் பிறநாடுகளில் உளர். எங்கள் பெட்டியில் அவை இல்லை. பிள்ளைகள் தமக்குள் நெடுநேரம் வாதாடி மோட்டரைக் கழற்றி வைத்தனர். இப்போது அத்தேர் முசலத்தை விரலாலே தள்ளினாலன்றி நகராது.

புகைபோக்கியைப் பின்புறத்தே வைத்தனர். வெள்ளித் தேர் கரிபிடிக்கலாகாதாம். கடைசியில் எழுந்தது முட்டுக்கட்டை வழக்கு. தண்டவாளத்தில் ஓடுந் தேருக்கு முட்டுக்கட்டை எதற்கு, தடையை இழுத்தால் நிற்குமே என்றாள் சில்லைத் திருப்பியவள். தேர் என்றால் அது வேண்டும் என்றான் மற்றவன். வேலையில்லாத உறுப்பு சேரலாகாது என்ற விதியை அவள் நினைவூட்டினாள். அவன் சாய்வான மஞ்சட் கட்டைகள் இரண்டை எடுத்து, நிறுத்திய தேரின் சில்லுகளுக்கு முன்னே தண்டவாளத்தின் மேல் வைத்தான். மேசையைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தோம். தேர் உருளவில்லை.